ஒலிவ் எண்ணெயும் மார்பகப் புற்றுநோயும்: ஆலங்குடாவிலிருந்து சில குறிப்புகள்

கடந்த ரமழானுக்கு முன்னர் தங்கையின் வீட்டு அலுமாரியைத் துப்புரவு செய்தபோது ஏழு ஒலிவ் எண்ணெய்ப் போத்தல்கள் கிடைத்தன. இரண்டு உம்ரா சென்று வந்தவர்கள் கொடுத்தவை. ஒன்று ரியாதில் வேலை செய்யும் மருமகள் அனுப்பியது. ஒன்று பாமசியில் குழந்தைகளுக்குத் தேய்ப்பதற்கென விற்கும் சின்னப் போத்தல். மீதி மூன்றும் நான் வாங்கிக் கொடுத்தவை. இரண்டு திறக்கப்படவே இல்லை, திகதி முடிந்திருந்தது.

தங்கைக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரியவந்து ஆறு வருடங்களாகின்றன. சத்திரசிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து இப்போது மாத்திரையில் இருக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். அந்த ஆறு வருடங்களில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப்பேராவது "ஸைத்தூன் எண்ணெய் குடிக்கச் சொல்லுங்க, கட்டி கரைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டே போனார்கள். நானும் சில காலம் அதையே பிறருக்குச் சொன்னேன். நான் பாடசாலையில் மனைப்பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்றவள். கொழுப்பு, புரதம், வைற்றமின் என்று கரும்பலகையில் எழுதியவள் சொன்னதால் அதற்கு ஒரு மதிப்பும் இருந்தது. அந்தப் பேச்சு ஓரிடத்தில் பிழையாகப் போனது. அதனால்தான் உண்மையில் இந்த எண்ணெய் பற்றி என்ன தெரியும், என்ன தெரியாது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்ல என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எமக்கும் ஒலிவுக்கும் உள்ள உறவு

எமது மண்ணில் ஒலிவ மரம் இல்லை. ஆலங்குடாவின் மணலில் தென்னை நிற்கிறது, வெங்காயமும் மிளகாயும் பீட்ரூட்டும் விளைகின்றன. 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு இக்கரைக்கு வந்து இறங்கியபோது எங்கள் உம்மாமாருக்குச் சமையல் எண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெய்தான். ஒலிவ் எண்ணெய் என்பது குழந்தைக்குத் தேய்ப்பதற்கும், காது வலிக்கு ஒரு துளி விடுவதற்கும் உரியது. பின்னர் எங்கள் பெண்கள் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனார்கள். அங்கே காலை உணவில் ரொட்டியோடு எண்ணெயைத் தொட்டுச் சாப்பிடுவதைக் கண்டார்கள். போத்தல்கள் பயணப் பெட்டிகளில் வரத் தொடங்கின.

அல்குர்ஆன் ஒலிவ மரத்தைப் பரக்கத் பொருந்திய மரம் என்று சொல்கிறது (அந்நூர் 35). அதன் எண்ணெயை உண்ணவும் பூசவும் சொல்லும் ஹதீஸ் திர்மிதியிலும் இப்னு மாஜாவிலும் இருக்கிறது. ஆகவே எமது மக்கள் அதை மதிப்பது இயல்பு. ஆனால் நன்றாகக் கவனியுங்கள்: அந்த வாசகங்கள் அதை உணவாகவும் பூச்சாகவும் பேசுகின்றன. மற்ற மருந்துகளை விட்டுவிட்டு இதை மட்டும் குடியுங்கள் என்று எங்கும் சொல்லப்படவில்லை. நோய்க்கு மருந்து தேடுமாறு சொன்ன மார்க்கமும் இதுவேதான்.

2021 மார்ச்சில் இன்னொன்றும் நடந்தது. அஃப்ளடொக்சின் என்ற நச்சு கலந்த இறக்குமதித் தேங்காய் எண்ணெய் விவகாரம் நாட்டைக் கலக்கியது. எமது மாவட்டத்தின் தங்கொட்டுவையில் பவுசர்கள் பிடிபட்டன. அஃப்ளடொக்சின் முக்கியமாக ஈரல் புற்றுநோயோடு தொடர்புபட்டது, மார்பகத்தோடு அல்ல. ஆனால் "தேங்காய் எண்ணெய், புற்றுநோய்" என்ற இரண்டு சொற்களும் மக்கள் மனதில் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. வசதியுள்ளவர்கள் ஒலிவுக்கு மாறியதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்.

போத்தலுக்குள் இருப்பது

எல்லா எண்ணெயும் கொழுப்புத்தான். ஒரு மேசைக்கரண்டி ஒலிவ் எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி உண்டு. தேங்காய் எண்ணெயிலும் கிட்டத்தட்ட அதேதான். வித்தியாசம் கொழுப்பின் வகையில் இருக்கிறது. ஒலிவ் எண்ணெயில் நான்கில் மூன்று பங்கு அளவுக்கு ஒலெயிக் அமிலம் என்ற ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு. நிறைவுற்ற கொழுப்பு நூற்றுக்குப் பதினான்கு அளவில்தான். தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு நூற்றுக்குத் தொண்ணூறை எட்டும். இருதயத்தைப் பொறுத்தவரை இந்த வித்தியாசம் பெரியது.

இதற்கு மேல், பழத்தைப் பிழிந்து சுத்திகரிக்காமல் எடுக்கும் "எக்ஸ்ட்ரா வேர்ஜின்" வகையில் மட்டும் பொலிபீனோல் எனப்படும் பொருட்கள் அதிகமாகத் தங்குகின்றன. நல்ல எண்ணெயை ஒரு கரண்டி தனியே விழுங்கினால் தொண்டை காறும். அது கெட்டுப்போனதற்கான அடையாளமல்ல. ஒலியோகாந்தால் என்ற பொருள்தான் அப்படிச் செய்கிறது. ஐபுபுரோஃபன் மாத்திரையைப் போல் அது அழற்சியைத் தணிக்கும் இயல்புடையது என்று 2005இல் விஞ்ஞானிகள் கண்டார்கள். புற்றுநோய் ஆய்வாளர்களின் கவனம் ஒலிவின் மீது திரும்பியதற்கு இத்தகைய பொருட்களும் ஒரு காரணம்.

அதே 2005இல் சிக்காகோவில் ஓர் ஆய்வுகூடம், ஒலெயிக் அமிலம் மார்பகப் புற்றுநோய்க் கலங்களில் ஹேர்-2 என்ற மரபணுவின் வேலையை அடக்குவதாக அறிவித்தது. உலகம் முழுவதும் செய்தித்தாள்கள் அதைத் தலைப்பாக்கின. இன்று வட்ஸ்அப்பில் சுற்றும் "ஒலிவ் எண்ணெய் புற்றுநோயைக் கொல்கிறது" என்ற செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இத்தகைய ஆய்வுகளே இருக்கின்றன. அது நேர்மையான ஆய்வுதான். ஆனால் கண்ணாடித் தட்டில் வளர்த்த கலங்களின் மீது நேரடியாக ஊற்றியதற்கும், சோற்றோடு சாப்பிட்டு, குடலில் செரித்து, ஈரலைக் கடந்து, இரத்தத்தில் கரைந்து மார்பகத்தை அடைவதற்கும் இடையில் நீண்ட பாதை இருக்கிறது. தட்டில் கலங்களை அழித்த எத்தனையோ பொருட்கள் மனித உடலில் ஒன்றும் செய்யாமல் போயிருக்கின்றன.

மனிதர்களில் பார்த்தது

இந்த விடயத்தில் மிகவும் வலுவான சான்று ஸ்பெயினிலிருந்து வந்தது. ப்ரெடிமெட் என்ற அந்த ஆய்வில் 2003 முதல் 2009 வரை ஆட்களைச் சேர்த்து மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மத்தியதரைக்கடல் பாணி உணவும், வாரத்துக்கு ஒரு லீற்றர் எக்ஸ்ட்ரா வேர்ஜின் எண்ணெய் இலவசமாகவும். அந்த லீற்றர் முழுக் குடும்பத்துக்கும் உரியது. இரண்டாம் பிரிவுக்கு அதே உணவும் பருப்பு விதைகளும். மூன்றாம் பிரிவினரிடம் கொழுப்பைக் குறைக்கும்படி மட்டும் சொன்னார்கள். ஆய்வின் பிரதான நோக்கம் இருதய நோய். அதிலிருந்த 60 முதல் 80 வயது வரையான 4,282 பெண்களில் மார்பகப் புற்றுநோய் எப்படி வந்தது என்பதைத் தனியே கணக்கிட்டு 2015இல் வெளியிட்டார்கள்.

சுமார் ஐந்து வருடத்தில் 35 பேருக்கு நோய் வந்தது. ஆயிரம் பெண்களை ஒரு வருடம் கவனித்தால், கொழுப்பைக் குறைக்கச் சொன்ன பிரிவில் 2.9 பேர், விதைகள் கொடுத்த பிரிவில் 1.8 பேர், ஒலிவ் எண்ணெய்ப் பிரிவில் 1.1 பேர் என்ற விகிதம். வயது, எடை போன்றவற்றையும் கணக்கில் எடுத்த பிறகு, ஒலிவ் பிரிவில் ஆபத்து மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. வாசித்தபோது எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது.

ஆனால் ஆசிரியைப் பழக்கம் விடவில்லை, இரண்டாம் தடவை வாசித்தேன். நான்காயிரத்துக்கு மேற்பட்ட பெண்களில் நோய் வந்தவர்கள் 35 பேர் மட்டும். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் சிலர் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ மாறினால் விகிதமே மாறிவிடும். இதை ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டு, பெரிய ஆய்வுகளில் உறுதிசெய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். ப்ரெடிமெட்டின் பிரதான அறிக்கையும், சில இடங்களில் ஆட்களைப் பிரித்த முறையில் பிழை இருந்ததால், 2018இல் மீளப்பெறப்பட்டுத் திருத்தி வெளியிடப்பட்டது. முடிவு பெரிதாக மாறவில்லை, ஆனாலும் அது ஒரு கறைதான்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விடயம் வேறு. அந்தப் பெண்கள் எவருக்கும் ஆய்வு தொடங்கும்போது மார்பகப் புற்றுநோய் இருக்கவில்லை. நோய் வராமல் தடுப்பது ஒன்று, வந்த நோயைக் குணப்படுத்துவது வேறொன்று. வீட்டில் தீப்பிடிக்காமல் இருக்க அடுப்பைக் கவனிப்பதும், கூரை பற்றியெரியும்போது தண்ணீர் ஊற்றுவதும் ஒரே வேலையல்ல. எங்கள் ஊரில் வாய்வழியாகப் பரவும் பேச்சில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. நான் செய்த தவறும் இதுதான்.

நோய் வந்த பெண்களிடம் செய்த பெரிய ஆய்வு இத்தாலியில் நடந்தது. டயானா-5 என்று பெயர். மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற, மீண்டும் நோய் வரும் ஆபத்து கூடிய 1,542 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்குச் சமையல் வகுப்புகளே நடத்தி, முழுத்தானியம், அவரையினம், மரக்கறி, ஒலிவ் எண்ணெய் என்ற முறைக்கு மாற்றினார்கள். மற்றப் பிரிவினருக்குப் பொதுவான ஆலோசனை மட்டும். முடிவு 2024இல் வெளிவந்தது. ஐந்து வருடத்தில் நோய் திரும்பியவர்கள் முதல் பிரிவில் 95 பேர், இரண்டாம் பிரிவில் 98 பேர். அதாவது வித்தியாசம் இல்லை. எந்தப் பிரிவில் இருந்தாலும், உணவை உண்மையிலேயே அதிகமாக மாற்றிக்கொண்டவர்களில் நோய் திரும்புவது குறைவாக இருந்ததென்று பின்னர் பிரித்துப் பார்த்ததில் தெரிந்தது. ஆனால் அப்படி மாற்றக்கூடியவர்கள் தொடக்கத்திலேயே உடல்நலமும் வசதியும் கூடியவர்களாக இருந்திருக்கலாம். எனவே அதை நம்பிக்கையூட்டும் குறிப்பு என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவிலும் இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. 2006இல் வந்த ஒன்று, கொழுப்பைக் குறைத்த பெண்களில் நோய் திரும்புவது நான்கில் ஒரு பங்கு குறைந்ததாகச் சொன்னது. 2007இல் வந்த மற்றது, மரக்கறியையும் பழத்தையும் வெகுவாகக் கூட்டிக் கொழுப்பைக் குறைத்தும் எந்த வித்தியாசமும் இல்லை என்றது. உணவு ஆய்வுகள் இப்படித்தான், ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளும்.

இவற்றோடு மாத்திரையின் கணக்கை ஒப்பிட்டுப் பாருங்கள். ஹோமோன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோயில் தமொக்ஸிஃபன் மாத்திரையை ஐந்து வருடம் ஒழுங்காக எடுத்தால், அந்நோயால் இறப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பல்லாயிரம் பெண்களில் பல வருடங்களாக நிறுவப்பட்ட விடயம் இது. எமது அரசாங்க வைத்தியசாலைகளில் இந்தச் சிகிச்சை இலவசம். மலிவாகக் கிடைப்பதால்தானோ என்னவோ, மாத்திரையை மறந்துவிட்டு எண்ணெயை நினைவில் வைத்திருப்பவர்களை நான் கண்டிருக்கிறேன்.

நடந்தது

தங்கைக்குக் கீமோ நடந்த காலத்தில் காலையில் இரண்டு, இரவில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயை வெறும் வயிற்றில் கொடுத்தேன். மூன்றாவது கீமோவுக்குப் பிறகு அவளுக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. கீமோ மருந்து குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும். அந்த நேரத்தில் எண்ணெயை ஊற்றினால் வயிறு இன்னும் இளகும். எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. உடல் காய்ந்து சேலைன் ஏற்ற வேண்டி வந்தது, அடுத்த கீமோ பத்து நாள் தள்ளிப்போனது. வைத்தியர் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது நான்தான் பதில் சொன்னேன். அவர் ஏசவில்லை. "சமையலில் போடுங்கள், மருந்து மாதிரிக் குடிக்கக் கொடுக்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

மற்றது அதைவிடப் பாரமானது. எங்கள் வீட்டிலிருந்து சற்றுத் தொலைவில் இருந்த ஒரு ராத்தாவுக்கு மார்பில் கட்டி. பயொப்சி எடுத்து உறுதியாகிவிட்டது, சத்திரசிகிச்சைக்குத் திகதியும் கொடுத்தார்கள். அவர் பயந்திருந்தார். என்னிடம் வந்து தங்கை என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். நான் ஒலிவ் எண்ணெய், கருஞ்சீரகம் என்று பெருமையாகச் சொன்னேன். சத்திரசிகிச்சையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பயந்திருப்பவரின் காது தனக்கு வேண்டியதைத்தான் கேட்கும். அவர் திகதிக்குப் போகவில்லை. வேறொருவரிடம் எண்ணெய் மருந்து வாங்கிக் கட்டியின் மேல் தேய்த்து, உள்ளேயும் குடித்து, ஏழு மாதம் கழித்துப் போனபோது நோய் எலும்புக்குப் பரவியிருந்தது. அவர் இப்போது இல்லை. அவருடைய மகள் இன்றும் என்னைக் கண்டால் ஸலாம் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறாள். அந்த வீட்டின் வழியாகப் போவதை நான் தவிர்த்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. பரவாத நிலையில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டு, வைத்தியசாலைச் சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தவர்களைப் பார்த்தார்கள். மார்பகப் புற்றுநோயில் அப்படிச் செய்தவர்கள் இறக்கும் ஆபத்து, சிகிச்சை பெற்றவர்களைவிட ஐந்து மடங்குக்கும் அதிகம். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எமது சமையலறையில் எப்படி

அப்படியானால் எண்ணெயைத் தூக்கி எறிய வேண்டுமா? இல்லை. அது நல்ல உணவு. இருதயத்துக்கு நல்லது என்பதில் சான்று வலுவாக இருக்கிறது, மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களும் பிற்காலத்தில் இருதய நோயால் பாதிக்கப்படுகிறார்கள். ஆனால் அது வேறு கொழுப்பின் இடத்தில் வரவேண்டும், அதற்கு மேலாக அல்ல. மாஜரின் பூசிய பாணும், பொரித்த ரோல்ஸும், தேங்காய்ப்பால் கறியும் அப்படியே இருக்க, மேலதிகமாக நான்கு கரண்டி குடித்தால் நாளொன்றுக்கு ஐந்நூறு கலோரி அளவில் கூடுகிறது. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையின்போது மெலிவதைவிட எடை கூடும் பெண்களே அதிகம். மாதவிடாய் நின்ற பிறகு அதிக எடை இந்நோய்க்கு ஒரு காரணியாகவும் இருக்கிறது. மாறாக, சாப்பிட முடியாமல் மெலிந்துபோகிறவருக்குக் கஞ்சியிலோ சூப்பிலோ ஒரு கரண்டி கலந்து கொடுப்பது பயன்தரும். ஆளைப் பார்த்துச் செய்ய வேண்டிய காரியம் இது.

தாளிப்பதற்குப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாகப் பயன்படுத்தலாம். சாதாரண அடுப்புச் சூட்டை எக்ஸ்ட்ரா வேர்ஜின் தாங்கும், ஸ்பெயினிலும் அதில்தான் வெங்காயமும் தக்காளியும் வதக்குகிறார்கள். முருங்கைக்கீரைச் சுண்டலுக்கும் பருப்புக்கும் ஒரு மேசைக்கரண்டி போதும். வல்லாரைச் சம்பலுக்குத் தேங்காய்ப்பூவைக் குறைத்து, தேசிக்காய்ப் புளியோடு இதை ஊற்றிப் பிசைந்தால் நன்றாக இருக்கும். மீனைப் பொரிக்க இதைப் பயன்படுத்துவது காசைக் கடலில் கொட்டுவது.

காசைப் பற்றிப் பேசியாக வேண்டும். நான் கடைசியாக வாங்கிய ஒரு லீற்றர் போத்தல் ஐயாயிரம் ரூபாவைத் தாண்டியது. தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கப் போகும் பெண்ணுக்கு அது எத்தனை நாட்கூலி என்று நீங்களே கணக்குப் போடுங்கள். கீமோ எடுக்கும் ஒருவருக்கு முதலில் தேவைப்படுவது புரதம்: முட்டை, மீன், பருப்பு, கௌபி, பயறு. அந்தக் காசுக்கு எங்கள் கடற்கரையில் எத்தனை கிலோ சூடையும் சாளையும் வாங்கலாம்! அவற்றில் புரதத்தோடு ஒமேகா-3 கொழுப்பும் இருக்கிறது. ஒலிவில் உள்ள அதே ஒலெயிக் அமிலம் கச்சானிலும் கணிசமாக உண்டு. ப்ரெடிமெட் பெண்கள் குடித்தது எண்ணெய் மட்டுமல்ல. மீனும் அவரையும் கீரையும் பழமும் சேர்ந்த ஒரு முழுச் சாப்பாட்டு முறையை அவர்கள் பின்பற்றினார்கள். அதில் எண்ணெய் தவிர்ந்த மற்ற எல்லாமே கல்பிட்டிக் கரையில் கிடைக்கின்றன. எண்ணெய் வாங்க முடியாத குடும்பம் நோயாளிக்குத் துரோகம் செய்வதாக எண்ணிக் கடன்படுவதைக் கண்டிருக்கிறேன். அந்தக் கடன் தேவையில்லை. அது மஹரகமவுக்கோ குருணாகலுக்கோ அடுத்த கிளினிக்குக்குப் போகும் பஸ் காசாக இருக்கட்டும்.

தேங்காயையும் குற்றவாளியாக்க வேண்டாம். தேங்காய் மார்பகப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதற்கு எந்தச் சான்றும் இல்லை. கொலஸ்ட்ரோல் காரணமாக அளவைக் குறைப்பது நல்லது, அவ்வளவுதான். நோயோடு படுத்திருப்பவர் ஒரு கிண்ணம் பால்சொதியும் இடியப்பமும் ஆசைப்பட்டுக் கேட்டால் கொடுங்கள்.

வாங்குபவர்களுக்குச் சில வார்த்தைகள். "எக்ஸ்ட்ரா வேர்ஜின்" என்று எழுதியிருக்க வேண்டும். "ப்யூர்", "லைட்", "பொமேஸ்" என்பவை சுத்திகரித்த எண்ணெய் கலந்தவை. "லைட்" என்றால் கொழுப்பு குறைவு என்று நினைக்கிறார்கள். நிறமும் வாசனையும்தான் குறைவு. கறுப்பு அல்லது கடும்பச்சைப் போத்தல் நல்லது, ஏனெனில் வெளிச்சமும் சூடும் பொலிபீனோலை அழித்துவிடும். தகரக் கூரைக்குக் கீழே அடுப்பங்கரைத் தட்டில் வைத்தால் சில மாதங்களில் வெறும் கொழுப்புத்தான் மிஞ்சும். பெரிய தகரப் பேணியைவிடச் சின்னப் போத்தல் சிக்கனம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து உறைந்தால் அசல் என்ற பரிசோதனையை நம்ப வேண்டாம். பாமசியில் விற்கும் மேற்பூச்சு எண்ணெயைக் குடிக்கவும் வேண்டாம்.

பூசுவது பற்றியும் கேட்கிறார்கள். வறண்ட தோலுக்கு நல்லதுதான். கட்டியின் மேல் தேய்த்தால் கரையும் என்பதற்கு ஆதாரமே இல்லை. கதிர்வீச்சு நடக்கும் நாட்களில் அந்த இடத்தில் எதையும் பூசுவதற்கு முன்னர் அங்குள்ள தாதியிடம் கேளுங்கள்.

எண்ணெயைவிட அதனோடு சேர்த்து விற்கப்படும் குளிசைகள்தான் எனக்கு அதிகம் பயமாக இருக்கின்றன. கருஞ்சீரகக் குளிசை, மஞ்சள் குளிசை, பச்சைத் தேயிலைச் சாறு. கறியில் போடும் மஞ்சளும் பணிஸில் தூவும் கருஞ்சீரகமும் பிரச்சினையில்லை. செறிவூட்டிய குளிசை வேறு. நெதர்லாந்தில் 2019இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், தமொக்ஸிஃபன் எடுக்கும் பெண்கள் மஞ்சளின் குர்குமின் குளிசையையும் சேர்த்து எடுத்தபோது, அவர்களின் இரத்தத்தில் மருந்தின் செயற்படும் வடிவம் குறைந்திருந்தது. மிளகுச் சத்தும் சேர்ந்தபோது இன்னும் குறைந்தது. உடலுக்கு நல்லது என்று விழுங்கிய குளிசை, உயிரைக் காக்கும் மாத்திரையின் வேலையைக் குறைக்கக்கூடும். எனவே வைத்தியரிடம் மறைக்காதீர்கள். ஏசுவார்கள் என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். போத்தலையே கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகத்துக்குத்தான். ஏறக்குறைய நான்கில் ஒன்று. எங்கள் ஊரில் யாருக்காவது இந்நோய் வந்தால் அனல்மின் நிலையத்தின் தூசு, சீமெந்துத் தூசு, தோட்டத்தில் அடிக்கும் மருந்து என்று உடனே பேச்சு எழுகிறது. அவை கேட்கப்பட வேண்டிய கேள்விகள்தான், வேறொரு கட்டுரைக்கு உரியவை. ஆனால் அந்தப் பேச்சு நடக்கும் அதே திண்ணையில், சுகவனிதையர் கிளினிக்குக்குப் போனீர்களா என்று கேட்டால் அமைதி நிலவுகிறது. சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில் 1996 முதல் நடக்கும் இந்தக் கிளினிக், குறிப்பாக 35, 45 வயதுப் பெண்களை அழைக்கிறது. மார்பகத்தையும் கர்ப்பப்பைக் கழுத்தையும் இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். பரிசோதிப்பவர்களும் பெரும்பாலும் பெண்களே. இருபது வயதிலிருந்து மாதம் ஒரு தடவை தாமாகவே மார்பகத்தைப் பரிசோதித்துக்கொள்ளவும் அங்கே சொல்லித் தருகிறார்கள். வலியில்லாத கட்டிதான் அதிகம் கவனிக்கப்பட வேண்டியது. வலியில்லை என்பதாலேயே எங்கள் பெண்கள் அதை வருடக்கணக்கில் சுமந்து திரிகிறார்கள். கணவரிடம் சொல்ல வெட்கம், மகளிடம் சொல்லப் பயம்.

தங்கையின் அலுமாரியில் கிடைத்த ஏழு போத்தல்களில் ஐந்தைச் சமையலறைக்கு எடுத்தோம். திகதி முடிந்த இரண்டில் ஒன்று பின்கதவுப் பிணைச்சலுக்குப் போகிறது. கடற்காற்றில் துருப்பிடித்து இரவில் கிரீச்சிட்டுக்கொண்டிருந்த கதவு இப்போது சத்தமில்லாமல் திறக்கிறது. மற்றதைத் தலைக்குத் தேய்த்துக்கொள்கிறாள்; கீமோவில் போன முடி மீண்டும் வந்து தோளைத் தொடுகிறது. நோன்பில் மாத்திரையை ஸஹருடன் எடுக்கலாமா என்று கிளினிக்கில் கேட்டோம். ஒரு நாளைக்கு ஒன்றுதான், தினமும் ஒரே நேரத்தில் எடுங்கள் என்றார்கள். அடுத்த கிளினிக் வரும் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. ஸுபஹுக்கு முன்னரே பாலாவிச் சந்திக்குப் போய் கொழும்பு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். இம்முறை அந்த ராத்தாவின் மகளும் எங்களோடு வருகிறாள். அவளுக்கு முப்பத்தைந்து வயதாகிறது. சென்ற வாரம் அவளே வந்து கேட்டாள்.